முதல் முடிவு

பதினான்காவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன். பதின்மூன்று வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, ஒன்பதரைக்கு உட்கார்ந்தவள் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, வந்த பதிலை ஆவணத்தில் ஒட்டி, கீழே இரண்டு வரி எழுதி, அடுத்தது அடுத்தது என்று போய்க்கொண்டிருந்தேன், பன்னிரண்டு மணிக்கு இந்த ஆவணம் வெளியே போயாக வேண்டும், பன்னிரண்டரைக்கு ஓசூரிலிருந்து லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் எங்கள் தேடும் கருவிக்கு ஒப்பந்தம் பேச வருகிறார்கள், இப்போது மணி பத்து ஐம்பது. பதினான்காவது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. லிஃப்ட் கதவு திறக்கக் கூடாத நேரத்தைக் கவனிக்கும் பகுதி அவர்கள் நிரலில் எங்கே இருக்கிறது, அவ்வளவுதான். அரை நொடியில் பதில் வந்தது. முதல் முடிவு, கதவைத் திறக்கும் பகுதி. நான்தான் தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து மறுபடி தட்டினேன். கதவைத் திறக்கும் பகுதி. வார்த்தைகளை மாற்றினேன், திறப்பதைத் தடுக்கும் இடம், திறக்கவே விடாத இடம், எப்படிக் கேட்டாலும் அதே. கேட்டதற்கு நேர் எதிரானதைக் கொண்டுவந்து காலடியில் போட்டுவிட்டு வாலாட்டுகிற மாதிரி. நான் தேடியது ஆறாவது இடத்தில் இருந்தது. ஆறாவது இடம் வரைக்கும் யார் போகப் போகிறார்கள். போகாதே என்று சொல்லி வைத்திருப்பவளே நான்தானே. ஆவணத்தின் முதல் பக்கம், மூன்றாவது வாக்கியம், போன புதன்கிழமை என் கையால் எழுதியது: பெரும்பாலும் முதல் முடிவே சரியானது, அதை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம். அந்த வாக்கியத்தைப் படித்தபோது குளிர்ந்தது. ஏ.சி. என்று சொல்லிக்கொண்டேன். துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

கருவியின் பெயர் மோப்பம். அதைச் செய்த தமயந்தி வைத்த பெயர். ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் நிரல் என்றால் ஆயிரக்கணக்கான கோப்புகள், லட்சக்கணக்கான வரிகள், எழுதியவர்களில் பாதிப்பேர் வேலையை விட்டே போயிருப்பார்கள், அதற்குள் ஒன்றைத் தேட வேண்டும் என்றால் இதுவரை எழுத்துக்கு எழுத்து பொருத்தித்தான் தேட முடியும், கதவு என்று கேட்டால் கதவு என்று எழுதியிருக்கும் இடம் வரும், வாசல் என்று எழுதியிருந்தால் வராது. மோப்பம் அர்த்தத்தை வைத்துத் தேடும். அதுவும் மனிதர்களுக்காக இல்லை, ஏஜென்ட்டுகளுக்காக, சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கிற ஏ.ஐ.களுக்காக. கதவு ரொம்ப வேகமாக மூடுகிறது, கொஞ்சம் மெதுவாக்கு என்று சொன்னால் போதும், ஏஜென்ட் தானே போய் இடத்தைக் கண்டுபிடித்து, தானே மாற்றி, முடித்துவிட்டேன் என்று சொல்லும். இடத்தைக் கண்டுபிடிக்க அதற்கு ஒரு மூக்கு வேண்டும், அந்த மூக்குதான் மோப்பம், அந்த மூக்கை எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஜென்ட்டுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆவணம்தான் என் வேலை. பத்தொன்பது வருடமாக நான் எழுதிய எதையும் யாரும் முழுதாகப் படித்தது கிடையாது. கிரைண்டருக்கு எழுதியிருக்கிறேன், மோட்டாருக்கு, மில் மெஷினுக்கு, ஆஸ்பத்திரி பில் போடும் சாஃப்ட்வேருக்கு. பெட்டியைப் பிரித்ததும் முதலில் தூக்கிப் போடுவது என் எழுத்தைத்தான். அது எனக்கு ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது, அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். இப்போதுதான் ஒரு வரி விடாமல் படிக்கிற வாசகர் வந்திருக்கிறார். படிப்பது மட்டும் இல்லை, நம்புவார். இதை எழுதினவள் அன்றைக்குத் தலைவலியோடு இருந்திருப்பாளோ, மேனேஜர் சொன்னாரே என்று எழுதியிருப்பாளோ என்ற சந்தேகமெல்லாம் அவருக்கு வராது. முதல் முடிவை எடுத்துக்கொள் என்றால் எடுத்துக்கொள்வார்.

தமயந்தியைக் கூப்பிட்டேன். எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருக்கிறாள், முப்பத்தைந்து வயது இருக்கும், திருச்சிக்காரி, எதையும் நின்றுகொண்டே பேசுகிறவள். வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். கேட்டதையும் வந்ததையும் படித்தாள்.

“இது இப்படித்தான் வரும்க்கா” என்றாள் கடைசியில்.

“இப்படித்தான்னா?”

“அர்த்தம் எவ்வளவு பக்கத்துல இருக்குன்னுதானே பாக்குது. திறங்கறதும் திறக்காதேங்கறதும் ரெண்டுமே கதவைப் பத்தின பேச்சுதான், லிஃப்ட்டைப் பத்தின பேச்சுதான். அதுக்கு அது ரெண்டும் பக்கத்து வீடு. இங்கிலீஷ்ல நடுவுல இருக்கற அந்த நாட், இல்லைங்கறது, அது ரொம்பச் சின்ன வார்த்தைக்கா. அதோட எடை அதுக்குத் தெரியாது.”

“சரி பண்ண முடியுமா?”

“குறைக்கலாம். ரெண்டு வாரம் ஆகும்.” மணியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பதினொன்று நான்கு. “நீங்க வேற ஏதாவது கேள்வி போட்டுக்கங்கக்கா, உதாரணத்துக்குத்தானே” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள், ஆனால் உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இங்கிருந்தே தெரிந்தது.

வேற கேள்வி போடலாம். அது சுலபம். லிஃப்டில் எத்தனை பேர் என்று எண்ணும் இடம் எங்கே, மாடி எண் காட்டும் இடம் எங்கே, எல்லாம் சரியாக வரும், வந்ததை ஒட்டினால் பதினான்கு உதாரணமும் பதினான்கு சரியான பதிலும், அழகான ஆவணம். ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் எழுதுவதற்கு முன்னால் தலைக்குள் ஓடுவது தமிழ்தான், தமிழில் திறக்காதே என்றால் வேண்டாம் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, பிய்த்தெடுக்க முடியாது, ஆங்கிலத்தில் அது தனியாக நிற்கிறது, மூன்று எழுத்து, யாராவது இடித்தால் விழுந்துவிடும். இதையெல்லாம் ஏன் யோசிக்கிறேன், மணி ஓடுகிறது. வேற கேள்வி. விரல் விசைப்பலகைக்குப் போய்விட்டது. போன விரலைப் பார்த்தேன், வலது கை, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், மூன்றும் வரிசையாக விசைகளின் மேல் உட்கார்ந்திருந்தன, அதைப் பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன், இனி அது வராமல் இருக்காது. பதினொரு வருடத்துக்கு முன்னால் நான் மில் மெஷின் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தேன். பஞ்சைச் சீவும் மெஷின், கார்டிங் மெஷின் என்பார்கள், உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு உருளை, மேலெல்லாம் கம்பிப் பல். சுவிட்சை அணைத்தாலும் உருளை உடனே நிற்காது, சொந்த வேகத்தில் நாலு நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும், சத்தம் இருக்காது, அதுதான் மோசம், பார்த்தால் நின்ற மாதிரியே இருக்கும். அந்தப் பழைய மாடலில் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவும் கிடையாது. புத்தகம் எழுபது பக்கம் நான் எழுதினேன். அதிலிருந்து ஒரே ஒரு தாள், சுவரில் ஒட்டுவதற்கு, சுத்தம் செய்யும் முறை, ஆறு படி. ஏழு எழுதியிருந்தேன். ஒன்று எடுக்க வேண்டும், இடம் இல்லை, மேலே கம்பெனி முத்திரை பெரிதாக வர வேண்டும் என்றார்கள். மூன்று, மெஷினை நிறுத்தவும். நான்கு, உருளை முழுதாக நிற்கும்வரை காத்திருக்கவும், நான்கு நிமிடம் ஆகலாம். ஐந்து, முன்கதவைத் திறக்கவும். அப்போதிருந்த மேனேஜர் நல்ல மனுஷர்தான், கோபமாகக்கூடச் சொல்லவில்லை, “நாலாவதைப் புத்தகத்துல போட்டுடலாம்மா, எங்கயாவது இருந்தாச் சரி” என்றார். போட்டேன். அறுபத்தொன்றாம் பக்கம். நாலு மாதம் கழித்து, மெஷினை வாங்கிய ஒரு மில்லிலிருந்து கடிதம் வந்தது. சரோஜினி, வயது இருபத்தொன்பது, வலது கை, மூன்று விரல்.

இத்தனைக்கும் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றைக்கு வரைக்கும் உறுத்துகிறது. விசாரணை நடந்தது, மில்காரர்கள் சுவரில் இருந்த தாளைக் காட்டினார்கள், எங்கள் கம்பெனி புத்தகத்தைக் காட்டியது, அறுபத்தொன்றாம் பக்கத்தில் எச்சரிக்கை தெளிவாக இருக்கிறது, தொழிலாளி அதைக் கவனிக்கவில்லை. அவ்வளவுதான், முடிந்தது. நல்லவேளை பிரமிளா போட்டு வைத்தாள் என்று என்னைக் காட்டி மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார். கை தட்டினார்களா, இல்லை, தட்டவில்லை, நானே சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் ஒருத்தர் சிரித்தார், அது நிஜம். நானும் சிரித்தேனா என்பதுதான் ஞாபகம் இல்லை. சிரித்திருப்பேன். அறுபத்தொன்றாம் பக்கம் கம்பெனியைக் காப்பாற்றியது, என்னைக் காப்பாற்றியது, அவளை விட்டுவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. வீட்டுக்காரர் கேட்டார், ஏன் இப்படிச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாய் என்று. உப்பு கம்மி என்றேன். அவர் எழுந்து போய் உப்பு எடுத்துவந்தார்.

“என்னங்க மேடம், முடிஞ்சுதுங்களா?”

ராஜகணபதி பின்னால் நின்றிருந்தார். எங்கள் மேனேஜர். கூப்பிடாமல் வருகிறவர், வந்தால் முதலில் திரையைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தை. இன்றைக்கு வெள்ளைச் சட்டை, வருகிறவர்களுக்காக. மணி பதினொன்று பதினேழு. நான் திரையைக் காட்டினேன், கேட்டது இது, வந்தது இது, சார். அவர் குனிந்து படித்தார். புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகாது, கெட்டிக்காரர், அதனால்தான் பயம், புரியாதவராக இருந்தால் புரியவைக்கலாம்.

“எத்தனைக்கு எத்தனைங்க தப்பு?”

“பதினாலுக்கு ஒண்ணு சார். ஆனா கூடாது, வேண்டாம், இல்லைன்னு வர்ற கேள்வி எல்லாத்துக்கும் இப்படித்தான் வரும்னு தமயந்தி சொல்றாங்க.”

“செரி. கடைசிப் பக்கத்துல தெரிஞ்ச குறைகள்னு ஒரு தலைப்பு இருக்குதில்லீங்க, அதுல ஒரு வரி போட்டுருங்க. மொதப் பக்கத்தைத் தொட வேண்டாம். பன்னெண்டுக்குப் போகோணும்.”

“சார், முதல் பக்கத்துல முதல் முடிவை நம்பலாம்னு இருக்குதுங்க சார்.”

“அது இருக்கறதுனாலதான் நாலு செகண்டுல வேலை முடியுது. நாலு செகண்டுதான் நாம அவங்களுக்குச் சொல்லியிருக்கறது. எங்கயாவது எழுதி வெச்சுட்டா நம்ம மேல தப்பு இல்லீங்க மேடம்.”

சரிங்க சார் என்றேன். நான் சொல்ல நினைத்தது அது இல்லை. வாய் தானாகச் சொன்னது, இத்தனை வருடம் சொல்லிப் பழகிய வாய், யார் எது சொன்னாலும் முதலில் சரிங்க சார், அப்புறம்தான் நான் வருகிறேன், நான் வருவதற்குள் அவர் போய்விட்டிருந்தார். எங்கயாவது எழுதி வைத்துவிட்டால். அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் நான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன், அதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. கடைசிப் பக்கத்துக்குப் போனேன். தெரிந்த குறைகள். எதிர்மறையான கேள்விகளுக்குச் சில சமயம் எதிரான முடிவு முதலில் வரக்கூடும். எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். எவ்வளவு நாகரிகமான வாக்கியம். சில சமயம். வரக்கூடும். யாரும் அடிபடாத வாக்கியம்.

ஆனால் எனக்கு ஒரு வசதி இருக்கிறது, அந்தத் தாளை எழுதியபோது இல்லாத வசதி. என் வாசகர் இங்கேயே இருக்கிறார். சரோஜினியை அழைத்து, இதைப் படித்துவிட்டு என்னம்மா செய்வாய் என்று கேட்டிருக்க முடியாது, கேட்டிருக்க முடியும், கேட்கவில்லை, அது வேறு. ஏஜென்ட்டைக் கேட்கலாம். லிஃப்ட் கம்பெனி கொடுத்த நிரலின் ஒரு நகல் எங்களிடம் இருக்கிறது, நகலில் என்ன ஆனாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கடைசிப் பக்கத்தில் எச்சரிக்கை சேர்த்த ஆவணத்தை அதனிடம் கொடுத்தேன். வேலையும் கொடுத்தேன்: லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நிற்கும்போது கதவு திறக்கக் கூடாது என்ற விதி, மின்சாரம் போன நேரத்துக்கும் பொருந்த வேண்டும். அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது நொடியில் முடித்துவிட்டது. முதல் முடிவை எடுத்திருந்தது, கதவைத் திறக்கும் பகுதிக்குள் போய், மின்சாரம் போன நேரம் என்பதை அங்கே சேர்த்திருந்தது. வேலை முடிந்தது, விதி இப்போது மின்தடைக்கும் பொருந்தும் என்று சந்தோஷமாக எழுதியிருந்தது. நான் அதை மெதுவாக எனக்கே சொல்லிப் பார்த்தேன். மின்சாரம் போகும். லிஃப்ட் நடுவில் நிற்கும். கதவு திறக்கும். உள்ளே இருட்டில் யாராவது, வீடு வந்துவிட்டது என்று நினைத்து, கையில் பையோடு, காலை எடுத்து வைத்து. போதும். எழுந்துவிட்டேன். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் தண்ணீர் குடிக்கிற இடம் வரை போய், குடிக்காமல் திரும்பி வந்தேன். ஏஜென்ட் கடைசிப் பக்கத்தையும் படித்திருந்தது, படித்ததற்கு அடையாளம் இருந்தது, ஒரு வரி விடவில்லை. ஆனால் முதல் பக்கம் நம்பு என்றது, கடைசிப் பக்கம் சில சமயம் என்றது. நம்பு என்பதுதான் ஜெயித்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பதினொன்று முப்பத்தொன்று. பக்கத்து மேஜையில் யாரோ சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. மாற்றினால் என்ன ஆகும். வேலை போகுமா, போகாது, அவ்வளவு சீக்கிரம் போகாது, ஆனால் அடுத்த முறை ஆள் குறைக்கும்போது ஒரு பட்டியல் போடுவார்கள், அதில் சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள் மேலே இருப்பார்கள், எனக்கு நாற்பத்துமூன்று வயது, ஆவணம் எழுதுவதை ஏஜென்ட்டே செய்யும் என்று ஏற்கெனவே பேச்சு இருக்கிறது. மாற்றாவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. லிஃப்ட் கம்பெனியில் சோதனை செய்யாமலா விடுவார்கள், செய்வார்கள், அங்கே யாராவது கண்டுபிடிப்பார்கள், மில்லிலும் மேஸ்திரி என்று ஒருத்தர் இருந்தாரே, அவர் சொல்லியிருப்பார் என்றுதான் நான் நினைத்தேன், அவர் புத்தகத்தில் இருக்கும் என்று நினைத்தார், புத்தகம் தாளில் இருக்கும் என்று நினைத்தது. எல்லாரும் அடுத்தவரை நினைத்துக்கொண்டே இருந்தோம். முதல் பக்கத்துக்குப் போனேன். மூன்றாவது வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தேன், நீலமாக நின்றது. அழித்தேன். அழித்த இடம் வெள்ளையாகத் துடித்துக்கொண்டிருந்தது. என்ன எழுதுவது. சில சமயம் வேண்டாம். வரக்கூடும் வேண்டாம். இந்தக் கருவி எதிரெதிரான இரண்டை ஒன்று என்று நினைக்கும். கூடாது, வேண்டாம், இல்லை என்று எதையாவது தேடினால் முதல் முடிவை நம்பாதே. முதல் பத்து முடிவுகளையும் திறந்து படி. எதிரெதிர் வேலை செய்யும் இரண்டு இடங்கள் கிடைத்தால் எதையும் மாற்றாதே. நிறுத்து. மனிதரைக் கேள். ஆங்கிலத்தில் அந்த நாட் வந்த இடத்திலெல்லாம் அதை எடுத்துவிட்டு வேறு மாதிரி எழுதினேன், அதை நம்பி விட முடியாது, நம்பாதே என்பதற்குச் சந்தேகப்படு, மாற்றாதே என்பதற்குக் கையை எடு. இரண்டு தடவை தப்பாகத் தட்டித் திருத்தினேன். மறுபடி ஏஜென்ட்டிடம் கொடுத்தேன். நாலு நொடி ஆயிற்று. பத்து ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. உறைந்துவிட்டதோ. இருபது. முப்பது. நாற்பத்தோராவது நொடியில் நின்றது. இரண்டு இடங்களைக் காட்டியது. இவை எதிரெதிர் வேலை செய்கின்றன, மாற்ற வேண்டியது எது, உறுதி செய்த பிறகு தொடர்கிறேன் என்று கேட்டது. எதையும் தொடவில்லை. ஆவணத்தைச் சேமித்தேன்.

அப்படியே வெளியிட்டுவிட்டிருக்கலாம். பொத்தான் என்னிடம்தான் இருக்கிறது, யாரும் பார்க்க மாட்டார்கள், பன்னிரண்டரைக்கு எல்லார் முன்னாலும் தெரியும், தெரிந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதுவும் எங்கயாவது எழுதி வைப்பதுதான், சொல்லாமல் எழுதுவது, இவ்வளவு நாளாகச் செய்ததுதான். எழுந்து கூட்ட அறைக்குப் போனேன். ராஜகணபதி தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றின் பெயர்ச்சீட்டும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி.

“சார், முதல் பக்கத்தை மாத்திட்டேனுங்க.”

பாட்டிலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “வேண்டாம்னு சொன்னனுங்களே.”

“ஆமாங்க சார். சொன்னீங்க. நாலு செகண்டு இனி வராது. நாப்பத்தொண்ணு ஆகுது. முடிக்கவும் முடிக்காது, நம்மளக் கேக்கும்.”

“நாப்பது செகண்டு அவங்களை ஒக்கார வெச்சுட்டு, கடைசியில அது நம்மளையே கேள்வி கேக்குமுங்களா?” குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “மேடம், ஆறு மாசம் இதுக்காக ஓடியிருக்கோம். யாரு கேட்டாங்க உங்களை?”

யாரும் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை, அதுதானே விஷயம். நான் ஆரம்பித்தேன், எங்கிருந்து என்று யோசிக்காமல், பஞ்சு மெஷின் என்றேன், ஏழு படி எழுதினேன் சார், ஆறுதான் போச்சு என்றேன், நாலு நிமிஷம், அறுபத்தொண்ணாம் பக்கம், அவங்க பேர் சரோஜினி. பதினொரு வருடத்தில் அந்தப் பெயரை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன், என் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அழவில்லை. அழுதால் அது என்னைப் பற்றியதாகிவிடும் என்று தெரிந்தது. “எங்கயாவது எழுதி வெச்சாத் தப்பு நம்ம மேல இல்லைன்னு அன்னிக்கும் சொன்னாங்க சார். இல்லைதான். யாரு மேலயும் இல்ல. வெரல் மட்டும் இல்ல.” கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தமயந்தி நின்றிருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியாது, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். “சார், இது எனக்கு மூணு மாசமாத் தெரியும்” என்றாள். “சரி பண்ணிடலாம் சரி பண்ணிடலாம்னு சொல்லாம இருந்துட்டேன். அக்கா எழுதினது இருக்கட்டும்.” ராஜகணபதி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “பதினொண்ணு அம்பத்தஞ்சு” என்று மட்டும் சொன்னார், சுவரைப் பார்த்து. “போய் அனுப்புங்க. எதை அனுப்பறீங்கன்னு நான் பாக்கல.” பாட்டில்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். அது அனுமதியா, கை கழுவுவதா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். போய் அனுப்பினேன்.

பன்னிரண்டரைக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் சின்ன வயசு, மடிக்கணினியோடு. மூன்றாமவர் பொன்னுரங்கம் என்று அறிமுகம் செய்துகொண்டார், தலைமைப் பொறியாளர், அறுபதை நெருங்குகிறவர், முப்பது வருடமாக லிஃப்ட் வேலை, கை குலுக்கும்போது உள்ளங்கை கெட்டியாக இருந்தது. ராஜகணபதி பேசினார். நாலு செகண்டு என்ற பக்கத்தை வேகமாகத் தள்ளிவிட்டார், நான் கவனித்தேன். நான் சோதித்த அதே வேலையை ஏஜென்ட்டுக்குக் கொடுத்தார்கள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. பத்து நொடி. ஒரு அறையில் ஆறு பேர் பத்து நொடி சும்மா இருப்பது எவ்வளவு நீளம். இருபது. அந்த மடிக்கணினிக்காரர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். முப்பது. தமயந்தி உட்காரவில்லை, சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். நாற்பது. இரண்டு இடங்கள் வந்தன, கேள்வி வந்தது. மாற்ற வேண்டியது எது.

“நின்னுடுச்சே” என்றார் பொன்னுரங்கம். “ஏன் நின்னுது?”

ராஜகணபதி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “திறக்கறதையும் தடுக்கறதையும் இதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாதுங்க சார்” என்றேன். “அப்படி வந்தா நின்னு கேளுன்னு எழுதியிருக்கோம்.”

“நேத்து இதைப் போட்டிருந்தாலும் நின்னிருக்குமாம்மா?”

இங்கே ஒரு சரிங்க சார் போதும். ஆமாங்க சார் என்றால் எல்லாரும் எழுந்து சாப்பிடப் போகலாம். “இல்லீங்க சார்” என்றேன். “இன்னிக்குக் காலையில பதினொண்ணரை வரைக்கும் நின்னிருக்காது. திறக்கற பக்கத்தை மாத்திட்டு முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்கும்.”

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மடிக்கணினிக்காரர் ஒருவர், “சார், ரெண்டாவதுதான் நமக்கு வேண்டியது, பேர்லயே இருக்கு” என்றார். பொன்னுரங்கம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். “பேரைப் பாத்து நான் சொல்ல மாட்டேன். இதை எழுதினவர் ரிட்டயர் ஆகிட்டாரு. ரெண்டையும் படிச்சுட்டுச் சொல்றேன்” என்று படிக்க ஆரம்பித்தார். வரி வரியாக, விரலை வைத்து, உதடு அசைய. ஒரு பக்கம் முடித்துவிட்டுத் திரும்ப மேலே போனார். ஒப்பந்தம் இன்றைக்கு ஆகாது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, என்றைக்காவது ஆகுமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு மணி ஆயிற்று. கீழே உணவகத்தில் சொல்லி வைத்திருந்த சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். அவர் தலையை நிமிர்த்தி, நேரமாயிடுச்சோ என்கிற மாதிரி சுற்றிப் பார்த்தார்.

ராஜகணபதி ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“அவசரமில்லீங்க,” என்றார். “படிங்க.”